மேஜைக்கும் கட்டிலுக்கும் இரண்டு அங்குலம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லுவார், அதுவும் நாலு பேர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்துச் சொல்லுவார். முப்பது வருடமாக வீட்டில் இருந்தபடியே தையல் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊசியோடும் கத்தரிக்கோலோடும் இருக்கிறவளுக்கு வாய் மட்டும் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்றால் எப்படி?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், வீட்டுக்காரர், அவருடைய தம்பி. வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்தன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு திரிந்தவன், அதனால் இன்றைக்கும் அவனை நான் வா போ என்றுதான் பேசுவேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேலை மாற்றலாகி, ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்று, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் அண்ணி என்றான். அந்த நாலு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

நாங்கள் இருந்தது மாடி வீடு. மூன்று அறை, ஓடி விளையாடுகிற அளவுக்கு ஒரு ஹால். வீட்டின் சொந்தக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். வீட்டுக்காரருக்கும் முட்டி தேய்ந்து, படி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. தேடி அலைந்ததில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். நம் ஹாலுக்குள்ளேயே அந்த வீட்டைத் தூக்கி வைத்துவிடலாம் போலிருக்கிறதே என்று வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து வருகிற உருப்படியான யோசனையெல்லாம் இப்படித் தெரியாமல் வருவதுதான்.

வைத்தே பார்த்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். புது வீட்டுக்குப் போய் என் தையல் டேப்பால் சுவர் சுவராக அளந்தேன். வீட்டுக்காரர் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் கொழுந்தன், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னுடைய இரும்பு டேப்பை இழுத்து, துணியில் கோடு போடுகிற என் சாக்பீஸால் புது வீட்டை எங்கள் ஹால் தரையில் அப்படியே வரைந்தான். அளந்தது என் டேப், கோடு போட்டது அவன் டேப். அப்போது இதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. கோட்டுக்குள் அடங்குகிற சாமான் நம்மோடு வரும், அடங்காதது வெளியே போகும், இதில் அழுகை கெஞ்சல் ஒன்றும் கிடையாது என்று அறிவித்தேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு, அதுதான் என் வழக்கம்.

முதலில் அழுதது நான்தான். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாதவர்களின் துணிகள், இருபத்து மூன்று உருப்படி. ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். தைத்த உழைப்பைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? தொலைபேசி எண் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவர் ஒன்பது வருடம் கழித்து வந்தார். பேண்ட்டைப் போட்டுப் பார்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து, இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்று கேட்டார். நான் ஒரு பார்வை பார்த்தேன். சரி பரவாயில்லை என்று அப்படியே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரரின் சேமிப்பு அட்டைப்பெட்டிகள். எந்தச் சாமான் வாங்கினாலும் அது வந்த பெட்டியை வைத்திருப்பார், எப்போதாவது திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்று. இஸ்திரிப் பெட்டி எரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது, அது வந்த அட்டைப்பெட்டி மட்டும் இன்னும் புதுசு. கிடங்கில் வேலை பார்த்த ஆளிடம் பெட்டியை எடுத்துப் போடு என்றால், பிள்ளையைப் பிடுங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். அவரோடு மல்லுக்கட்டி எழுபது பெட்டியை வெளியே அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கொழுந்தன் மட்டும் மல்லுக்கட்டவே இல்லை. பழைய லிஃப்ட்களிலிருந்து கழற்றிய பட்டன்கள் ஒரு மூட்டை வைத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டவை, அழுத்தினால் வெளிச்சம் வருகிறவை. அதற்காக நான் அவனைத் திட்டாத வாரம் கிடையாது. ஒரே மத்தியானத்தில் மூட்டையைக் கட்டிக் கம்பெனி ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மற்ற சாமான்களும் அப்படியே போயின. கடைசியில் அவனிடம் மிஞ்சியது வந்தபோது கொண்டுவந்த பெட்டியும் ஒரு கட்டிலும். அந்த வேகத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று சந்தோஷப்பட்டேன், எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை லிஃப்ட் குழிக்குள் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து அவனால் தரையில் படுக்க முடியாது. மடக்குக் கட்டிலும் ஆகாது. பலகை போட்ட இரும்புக் கட்டில்தான், எழுபத்தெட்டு அங்குலம். படுக்கையறையில் எங்கள் கட்டிலும் பீரோவும் போக ஆள் திரும்பக்கூட இடமில்லை. ஹாலில் ஒரு சுவரில் வாசல், ஒரு சுவரில் சமையலறைக் கதவு, ஒரு சுவரில் ஜன்னல். வெளிச்சத்துக்காக ஜன்னலடியில் என் மெஷின். மிச்சம் இருப்பது ஒரே ஒரு நீளச் சுவர். அதில் என் துணி வெட்டும் மேஜை, எழுபத்திரண்டு அங்குலம். கட்டிலையும் மேஜையையும் ஒன்றையொன்று ஒட்டிப் போட்டால் நூற்றைம்பது. நோட்டில் அந்தச் சுவரின் நீளம் நூற்று நாற்பத்தெட்டு.

சாக்பீஸ் கோட்டுக்குள் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். கட்டிலின் கால்மாட்டுக் கம்பி இரண்டு அங்குலம் கோட்டுக்கு வெளியே நின்றது. வீட்டுக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டில் இரும்பு, அதை ஒன்றும் செய்ய முடியாது, மேஜை பலகைதானே, ஓரத்தில் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பிடித்துக்கொண்டேன். இது என் சோறு போடுகிற மேஜை, முப்பது வருடமாக இந்த ஆறடிக்குப் பழகின கை இது, என் உயிர் இருக்கிறவரை இதில் யாரும் ரம்பம் வைக்க முடியாது என்று ஒரு கத்து கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கொழுந்தன் பேசினான்.

"விடுங்கண்ணே, அண்ணி மேஜையில கை வைக்க வேண்டாம். கூட வேலை பாக்குற ஒருத்தன் ரூம்ல இடம் இருக்காம். கம்பெனிக்கும் பக்கம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமில்லை, உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வருடமாக சோப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற கிரீஸ் கறை இனி இல்லை, குறட்டை இல்லை, மூன்றாவது டம்ளர் காபி இல்லை. இரண்டு அங்குலம்தான் காரணம், நான் காரணம் இல்லை. இப்படிச் சொல்லிக்கொள்வது மனசுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? அவனுக்கு ரூம் உண்டு, சம்பளம் உண்டு, வயது ஐம்பதாகிறது, குழந்தையா என்ன என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. புது வீட்டுக்குப் போய் மின்விசிறிகளை மாட்டிவிட்டு வந்தான். குழாய்களை இறுக்கினான். என் மெஷினுக்குத் தனியாக ஒரு பிளக் போட்டுக் கொடுத்தான். அந்த வீட்டில் இருக்கப் போகாதவன்தான் அந்த வீட்டுக்கு அதிகமாக உழைத்தான். வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் சண்டை போடுகிற ரகம் இல்லை, சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிடுகிற ரகம்.

சாமான் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால் திரை போடுகிற கம்பி வாங்கினேன். புது வீட்டின் ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி இருக்கும். இரண்டு பக்கமும் முட்டி நிற்கிற மாதிரி கம்பி சரியாக இருக்க வேண்டும். நோட்டைப் பார்த்து ஐம்பத்தெட்டு அங்குலம் என்று சொல்லி ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கிப் போனேன். ஜன்னலில் வைத்தால் கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. ஒரு அங்குலத்துக்கு மேல் குறைகிறது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அங்கே நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும், அளக்கத் தெரியாதவர்களுக்கு எதற்குக் கடை என்று கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அவர் நல்ல மனுஷர். பதில் பேசாமல் தன் இரும்பு டேப்பைக் கம்பிமேல் நீட்டிக் காட்டினார். ஐம்பத்தெட்டு. ஒரு நூல்கூட முன்னே பின்னே இல்லை. நான் விடுவேனா, பையிலிருந்து என் டேப்பை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தேன். என் அறுபது அவருடைய அறுபத்தொன்றேகாலுக்குப் போய் நின்றது.

"இதை எதுலயாவது கனமாக் கட்டித் தொங்கப் போட்டிருந்தீங்களாம்மா? துணி டேப் இழுத்துக்கும்."

தொங்கத்தான் போட்டிருந்தேன். டேப்பை நான் எங்கேயாவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவேன். கொழுந்தன் வந்த புதிதில் அந்தத் தேடலைப் பார்த்துவிட்டு, ஒரு கத்தரிக்கோலை டேப்பின் நுனியில் கட்டி, மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டிக் கொடுத்தான். இனிமேல் இரண்டும் தொலையாது அண்ணி என்றான். லிஃப்ட் மெக்கானிக் போட்ட முடிச்சு, இன்றுவரை அவிழவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கத்தரிக்கோல் ஆணியிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஆளை அளப்பதும் அதே டேப், துணியை அளப்பதும் அதே டேப். இரண்டு பக்கமும் ஒரே தப்பு, அதனால் ஒரு சட்டைகூடத் தப்பாகவில்லை. வீட்டை அளந்து இன்னொரு டேப்பால் கோடு போட்டபோதுதான் வினை வந்தது.

கடையிலேயே எனக்குச் சுருக்கென்றது. கம்பி குறைந்தால், நோட்டில் சுவரின் நீளமும் குறைந்துதானே இருக்கும்? கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, அவர் வேறு சத்தமாகச் சிரித்தார். அவருடைய டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு புது வீட்டுக்குத் திரும்பினேன். நீளச் சுவரை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அளந்தேன். நூற்றைம்பத்தொன்று.

கட்டில் போகும். மேஜையும் போகும். ஒரு அங்குலம் மிச்சமும் இருக்கும்.

காலி வீட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கம்பியை மாற்றி வாங்கிவிட்டால் போதும், இந்த விஷயம் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்தது. வந்தது மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்தும் கொண்டது. என் வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் கொழுந்தன் வேலை முடிந்து வந்து, பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு உட்கார்ந்து பட்டன் தைத்தது ஞாபகம் வந்தது. இருநூற்று நாற்பது பட்டன். அந்தச் சட்டைகளெல்லாம் கிழிந்து கந்தலாகிப் போயிருக்கும், பட்டன் ஒன்றுகூட அறுந்திருக்காது. அதுவும் ஞாபகம் வந்தது, குறட்டையும் ஞாபகம் வந்தது. பத்து நிமிடம் அப்படியே இருந்திருப்பேன்.

எழுந்திருக்கலாம் என்று சுவரைப் பிடித்தபோதுதான் அதைப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மூலையிலிருந்து அளந்து பார்த்தேன். சரியாக எழுபத்தெட்டு. கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 151 என்று எழுதியிருந்தது. ஒன்றின் தலையில் கொக்கி போட்டு எழுதுவது எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான்.

மின்விசிறி மாட்ட வந்த அன்றைக்கே அளந்திருக்கிறான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, தனக்கு இல்லாத வீட்டில் எனக்குப் பிளக் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தப் பென்சில் கோட்டை நான் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் ஹாலில் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிலின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளைக் கையில் வைத்திருந்தார். தரையில் சாக்பீஸ் கோடு பாதி அழிந்து கிடந்தது. நூற்றைம்பத்தொன்று என்று எப்போது தெரியும் என்று அவனைக் கேட்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பத்து நாள் ஆகிறது என்றான். எதற்காகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தெரிஞ்சேதான் குறைச்சு அளந்தீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், கடங்காரி, வாயாடி, பிடாரி. எதுவும் இப்படி வலித்ததில்லை. அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். நான் பையிலிருந்து என் டேப்பை எடுத்து, கடைக்காரர் டேப்பின் பக்கத்தில் தரையில் விரித்துக் காட்டினேன். நுனியில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. அவன் இரண்டையும் பார்த்தான். தான் போட்ட முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லிஃப்ட் தொங்குகிற கம்பி கனத்தில் இழுபடுகிற விஷயம் அவன் தொழில்.

"அப்படி நினைச்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? போறதுக்கு ரூம் இருக்கு அண்ணி. திரும்பி வர்றதுக்கு ஒரு வீடு வேணும்ல."

வீட்டுக்காரர் கையிலிருந்த போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குறைத்து அளந்தது வேண்டுமென்று இல்லை. ஆனால் குறைந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது. தெரியும் அண்ணி, என் குறட்டை எனக்கே கேட்கும் என்றான். பிறகு வீட்டுக்காரர் போல்ட்டுகளை ஒரு உறையில் போட்டு, 'கட்டில் – ஹால்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். கிடங்குப் பழக்கம், எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்கு அது நிஜம்.

நான் மேஜையிடம் போனேன். டேப்பை எடுத்து, ஓரத்திலிருந்து அளந்து, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ரம்பத்தை எடுத்து வா என்றேன்.

எதற்கு என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அறுக்காமலேயே இடம் போதும் அண்ணி, ஒரு அங்குலம் மிச்சம்கூட இருக்கிறது என்று கொழுந்தன் சொன்னான். ஒரு அங்குலத்தில் என்ன ஆகும், மேஜையில் துணி வெட்டும்போதெல்லாம் கட்டில் ஆடும், முதுகு வலிக்காரன் எப்படித் தூங்குவான் என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் என்ன ஞாபகப்படுத்தப் போகிறார் என்று தெரிந்து ஒரு முறை முறைத்தேன். மூடிக்கொண்டார்.

கொழுந்தன் ரம்பத்தோடு வந்து கோட்டைப் பார்த்தான்.

"எவ்வளவு அண்ணி இது?"

"ரெண்டு அங்குலம்."

"எந்த டேப்ல?"

"என் டேப்லதான். கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேசாம அறு."

மேஜையின் மறுமுனையை ஆடாமல் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.